காற்றுக் குழாயில் தண்ணீர்

புத்தகத்தில் இருந்த கையெழுத்து எல்லாம் அவளுடையது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற வேண்டுமென்றால், தண்டவாளத்தின் நாக்கு போன்ற கூர்முனை நகர்ந்து பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்ட வேண்டும். அவள் வேலை பார்த்த ரயில்வே யார்டில் நாக்கை நகர்த்துவது காற்று. கம்ப்ரஸர் அறையில் அழுத்தி அடைத்த காற்று இரும்புக் குழாய்களில் யார்டு முழுவதும் நிறைந்து நிற்கும். மாடியில் இருக்கும் சிக்னல் கேபினில் உட்கார்ந்து அவள் ஒரு பொத்தானை அழுத்தினால், எங்கோ ஒரு வால்வு திறந்து சிலிண்டருக்குள் காற்று புகும். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. நாக்கு மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நன்றாக ஒட்டினால் மட்டுமே அவள் முன்னால் பச்சை விளக்கு எரியும்.

காற்றோடு ஈரமும் வரும். குழாயின் பள்ளமான இடங்களில் தண்ணீராகத் தேங்கும். அதனால் தினமும் காலையில் ஓர் ஆள் குழாயோடு நடந்து போய், பதினான்கு இடங்களில் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்துவிட்டுக் கேபினுக்குப் போன் செய்ய வேண்டும். கேபினில் இருப்பவர் அதை நேரத்தோடு புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வடிக்கிற ஆள் அவள் கணவன். எழுதுகிறவள் அவள்.

யார்டில் எல்லோரும் அவனைக் 'காத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். "காத்து எங்கப்பா?" என்று யாராவது கேட்டால், "அது எங்க இருக்குன்னு யாரு கண்டா, எங்கயாவது இலை ஆடினா சொல்றேன்" என்று பதில் வரும். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்தால் அழகாக இருப்பான். அவள் ஏமாந்ததே அங்கேதான் என்று அவளே பல முறை சொல்லியிருக்கிறாள், அப்போதெல்லாம் வேடிக்கையாக.

கேபின் சுவரில் காற்றழுத்தம் காட்டும் வட்டமான மீட்டர் ஒன்று உண்டு. கீழே ஒரு திருகைத் திறந்தால் அதன் முள் ஒரு முறை நடுங்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஐந்தாவது நடுக்கம் வந்தால் பாலத்தடியில் இருக்கிறான். ஒன்பதாவது வந்தால் தண்ணீர்த் தொட்டி. பதினான்காவது திருகு கேபினுக்கு நேர் கீழே. அதை அவன் தேவையே இல்லாமல் இன்னும் இரண்டு தடவை திறந்து மூடுவான். முள் இரண்டு தடவை துள்ளும்.

"சொட்டுத் தண்ணி இல்லாத இடத்துல எதுக்குங்க அத்தனை தடவை திறக்கிறீங்க?" என்று போனில் கேட்டாள்.

"மேல ஒரு மகாராணி உக்காந்திருக்காங்க. வணக்கம் சொல்லிட்டுப் போக வேண்டாமா?"

அப்படி வந்த கல்யாணம்.

இரண்டாவது வருடம் அவனுக்கு முழங்காலில் வீக்கம். கம்ப்ரஸர் அறையிலிருந்தே பேசினான். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எழுதிக்கோம்மா. கால் வைக்க முடியல." அவள் எழுதினாள். 'பதினான்கும் வடிக்கப்பட்டன' என்று. முழங்கால் பத்து நாளில் சரியாகிவிட்டது. பழக்கம் சரியாகவில்லை. அறைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று திருகுகளை மட்டும் திறந்துவிட்டு, "ஆச்சு" என்பான். முள் மூன்று தடவைதான் நடுங்கும். அவள் பதினான்கு என்று எழுதுவாள். குழம்பில் உப்பு குறைந்தால் அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறானே, அதுபோல இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். குடும்பம் என்றால் ஒருவர் குறையை ஒருவர் மூடுவதுதானே.

நாலு வருடம் மூடினாள்.

அது மலையூர்; அந்த வருடக் குளிர் வாளித் தண்ணீரே உறைகிற பொல்லாத குளிர். ஒரு காலையில் சரக்கு வண்டிக்கு வழி விடப் பொத்தானை அழுத்தினாள். யார்டின் கடைசியில் தடம் மாறுகிற இடமான கடைக்கோடிப் பாயிண்டுக்குப் பச்சை வரவில்லை. திருப்பிப் போட்டு மறுபடி அழுத்தினாள். வரவில்லை. இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது ரயில்வே விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. ஓர் ஆள் அந்த இடத்துக்கே போய், நாக்கு ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, நகராமல் பூட்டுப் போட்டு, அங்கேயுள்ள போனிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சிவப்பைத் தாண்டி வர டிரைவருக்கு அவள் அனுமதி கொடுக்கலாம்.

கணவனுக்குப் போன் செய்தாள். ஆறு நாற்பத்தைந்து. அவன் திரும்பப் பேசியபோது ஆறு ஐம்பத்திரண்டு. இரண்டையும் எழுதினாள்.

"பாத்துட்டேன். நாக்கு கச்சிதமா ஒட்டிக்கிட்டு நிக்குது. பூட்டும் போட்டாச்சு. விளக்குக்குப் போற கம்பிதான் மக்கர் பண்ணுது. வண்டியை விடு."

"நீங்க அங்கதானே நிக்கிறீங்க?"

"பின்ன, நிலாவுலயா நிக்கிறேன்? விடும்மா, டிரைவர் கத்துறான்."

அவள் விட்டாள்.

நாக்கு இரண்டு விரல் தள்ளி நின்றிருந்தது. சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீர் உறைந்து, காற்றைப் பாதி வழியில் தடுத்திருந்தது. பூட்டு எதுவும் இல்லை. எஞ்சினின் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் மறுபக்கமும் போய், எஞ்சின் சாய்ந்தது. மெதுவாக வந்ததால் யாரும் சாகவில்லை. உதவி டிரைவர் பயத்தில் குதித்ததில் அவருக்குக் காலெலும்பு இரண்டாக உடைந்தது. இனி எஞ்சினில் ஏற முடியாது என்று டாக்டர் சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். அவருக்கு வயது முப்பத்தொன்று.

புதன்கிழமை சாயங்காலம். மறுநாள் அவளுக்கு விசாரணை. குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகளில் முன்னறையில் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து பழைய துணி மடித்துக்கொண்டிருந்தார். அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். அப்படிப் பிடித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"நீ போன் பண்ணினே, நான் கிடைக்கல, அவசரத்துல நீயா அனுமதி கொடுத்துட்டேன்னு சொல்லு. உன்னைக் கேபின்லருந்து எடுத்து ஆபீஸ்ல போடுவாங்க, அவ்வளவுதான். நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா, என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நீங்க பேசின நேரம் புத்தகத்துல இருக்கே."

"பதட்டத்துல தப்பா எழுதிட்டேன்னு சொல்லு."

அவன் குரல் கொஞ்சம் மாறியது. "நான் பேசும்போது பின்னால கம்ப்ரஸர் ஓடுச்சு. உனக்குக் கேட்டுச்சா இல்லையா? கேட்டுத்தானே விட்டே? அதை நான் யாருகிட்டயாவது சொன்னேனா?"

அவளுக்குக் கேட்டிருந்தது. கடைக்கோடிப் பாயிண்டுக்கு நடந்து போக இருபது நிமிடம் ஆகும். ஏழு நிமிடத்தில் போன் வந்தபோதும் தெரிந்தது. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கம்ப்ரஸர் கிளம்பி, அவன் குரலை உயர்த்தினான். அப்போதும் தெரிந்தது. நாலு வருடமாக மூன்றைப் பதினான்காக எழுதிய கைக்கு, இது பெரிதாகத் தோன்றவில்லை.

மாமியார் மடித்த துணியை ஓரமாக வைத்தார். "ஆம்பளைக்கு வேலை போனா ஊரே காறித் துப்பும். பொம்பளைக்குப் போனா வீட்டுல உக்காந்துட்டாள்னு சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம். நீ நல்லவ. எனக்குத் தெரியும்."

"சரிங்க அத்தை" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள் கூட.

விசாரணை நடந்த அறையில் ஒரு நீள மேஜை, நாலு நாற்காலி, மூலையில் கால் உடைந்த ஸ்டூல். அதிகாரி வயதானவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முன்னால் அவளுடைய புத்தகம். பக்கத்தில் வட்ட வட்டமாகக் காகிதங்கள். கம்ப்ரஸர் அறையில் ஒரு பேனா முள் நாள் முழுவதும் அழுத்தத்தைக் கோடாகப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தாள்.

"திருகு திறந்தா இந்தக் கோட்டுல ஒரு பல் விழும்மா. உங்க புத்தகத்துல தினமும் பதினாலு. இதுல மூணு. சில நாள் அதுவும் இல்ல." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "தினமும் பொய் சொல்ற புத்தகம். இதுல விபத்தன்னைக்கு ரெண்டு வரியை மட்டும் நான் எதுக்கு நம்பணும்? அவர் உங்ககூடப் பேசவே இல்ல, அந்த நேரத்தை நீங்களா அப்புறமா எழுதிக்கிட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

அவள் அதைத்தான் ஒப்புக்கொள்ள வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அவனுடைய வாக்குமூலத்தை எடுத்துப் படித்தார்.

"'தினமும் எத்தனை வடித்தேனோ அதை உள்ளபடி சொல்வேன். என் மனைவிதான் கவனமில்லாமல் பதினான்கு என்று எழுதிவிடுவார். சென்ற ஆண்டு கரு கலைந்ததிலிருந்து அவருக்கு ஞாபகம் சரியில்லை. வீட்டிலும் சொன்னதைச் சொல்லவில்லை என்பார், சொல்லாததைச் சொன்னதாக நினைத்துக்கொள்வார். குடும்ப கௌரவம் கருதி வெளியே சொல்லாமல் இருந்தேன்.'"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவள் முகத்தைப் பார்க்காமல் துடைத்தார்.

"இது என்னைக்கு எழுதினது சார்?"

"திங்கட்கிழமை."

திங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு, புதன் வந்து கையைப் பிடித்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கு அவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இது நம்ம ரெண்டு பேரோட மட்டும் இருக்கட்டும்மா, யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று அழுதிருந்தான். அவள் சொந்த அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது அது தட்டச்சாகி, மூன்று பிரதி எடுத்து, ஒரு கோப்பில் இருந்தது.

"விபத்தன்னைக்குத் தாள் இருக்கா சார்?" என்றாள்.

இருந்தது.

"அவர் என்கூடப் பேசினது ஆறு ஐம்பத்திரண்டு. பேசும்போதே பின்னால கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆச்சு. சத்தத்துல அவர் கத்திப் பேசினாரு. கோடு எப்ப ஏற ஆரம்பிக்குதுன்னு பாருங்க."

அதிகாரி விரலை வைத்துப் பார்த்தார். ஐம்பத்திரண்டுக்கு ஒரு மயிரிழை முன்பின்னாகக் கோடு கீழேயிருந்து மேலே ஏறியது.

"உங்க கேபின்லயும் ஒரு மீட்டர் இருக்கே. முள் ஏறுறதைப் பாத்து இந்த நேரத்தை நீங்களே எழுதியிருக்கலாம் இல்லையா?"

"எழுதியிருக்கலாம். ஆனா என்னையே குத்துற கத்தியை நானே எதுக்கு சார் செஞ்சு எடுத்துட்டு வரணும்? அவர் கம்ப்ரஸர் ரூம்லதான் இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் வண்டியை விட்டேன். திருகு விஷயமும் அப்படித்தான். அவர் மூணு வடிச்சாருன்னு முள்ளைப் பாத்தாலே தெரியும். பதினாலுன்னு எழுதினேன். கவனமில்லாம எழுதல. என் ஞாபகத்துக்கு ஒண்ணும் கேடு இல்ல."

"இதை நான் எழுதினா உங்களை யாரும் காப்பாத்த முடியாது, தெரியுதாம்மா?"

"எழுதிக்கோங்க சார்."

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஆபத்து தெரிந்தே அனுமதி கொடுத்ததற்கும், நாலு வருடம் பொய்யாக எழுதியதற்கும் அவளுக்கு வேலை நீக்கம். வடிக்காமல் விட்டதற்கும் தவறான தகவல் சொன்னதற்கும் அவனுக்கு இரண்டு படி பதவி இறக்கம், வேறு யார்டுக்கு மாற்றம். யூனியன்காரர் அவனுக்காக இரண்டு தடவை மேலே போய்ப் பேசிவிட்டு வந்தார். "ஒப்புக்கிட்டவங்களுக்கு நான் என்னத்தம்மா பேசுறது?" என்று அவளிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"நல்லவேளை, ஒருத்தருக்காவது வேலை நிக்குதே" என்றார் மாமியார். இந்த ஆறு வாரமும் அவர் மூலமாகத்தான் வீட்டில் பேச்சு நடந்தது. சாப்பாடு ஆயிற்றா என்று கேட்க வேண்டுமானாலும், அவர் அங்கிருந்து இங்கு வந்து கேட்டுவிட்டு, பதிலை எடுத்துக்கொண்டு போவார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற நாள். வாசலில் லாரி நின்றது. கட்டில், பீரோ, மாமியாரின் தையல் மெஷின் எல்லாம் ஏறியாயிற்று. அவளுடைய பெட்டி மட்டும் சுவரோரமாக நின்றது. அவன் அதைத் தூக்கக் குனிந்தான். அவள் கைப்பிடியில் கை வைத்தாள்.

"எங்க போறே?"

"உதவி டிரைவர் வீட்டுக்கு. அவர் சம்சாரம் வேலைக்குப் போகணுமாம், பகல்ல அவரைப் பாத்துக்க ஆள் வேணும்னு சொன்னாங்க. போன வாரம் போய்க் கேட்டுட்டு வந்தேன்."

"உன்னை எப்படி உள்ள விட்டாங்க?"

"முதல் நாள் விடல. கதவைச் சாத்திட்டாங்க. மறுநாளும் போனேன்."

அவன் பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். முன்சீட்டிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? அங்க போய் எடுபிடி வேலை பாப்பியா? இங்க பாரு, புது யார்டுல கேபினுக்கு ஆள் குறைவு. நீ ஒரு அப்பீல் போடு. அங்க இருக்கிற பெரியவர் எனக்கு வேண்டியவர்தான். உனக்காக நான் பேசுறேன்."

"நீங்க பேசினது போதுங்க" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, லாரியைச் சுற்றி, பஸ் நிற்கும் பக்கமாகத் தெருவைக் கடந்தாள்.