தேடிப்போய் வாங்கிய அம்மை

லிண்டாவுக்குத் தடுப்பூசி என்றாலே ஆகாது. செல்போனில் யாரோ பேசிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அம்மை தானா வந்து போனாத்தேன் ஒடம்புல எதிர்ப்பு நிக்கும். ஊசியெல்லாம் சும்மா" என்று பாம்பனில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் பிளெஸ்ஸிக்கு நான்கு வயதாகியும் தட்டம்மை ஊசி போடவில்லை. நர்ஸ் வீடு தேடி வந்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை என்று கேள்விப்பட்டதும், பிளெஸ்ஸியைக் கூட்டிப்போய் அந்தப் பிள்ளையோடு ஒரே பாயில் விளையாட விட்டாள். நினைத்தது நடந்தது. காய்ச்சல் வந்தது, மேலெல்லாம் தடிப்பு வந்தது, ஒரு வாரத்தில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து மீன்குழம்பு கேட்டது. லிண்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் தடிப்பு தெரிவதற்கு முந்தின நாள், லிண்டாவின் தம்பி ரூபஸின் வீட்டில் அவனுடைய ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சியிருந்தாள் பிளெஸ்ஸி.

குழந்தைக்கும் தட்டம்மை கண்டு, நெஞ்சில் சளி இறங்கி, ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லிண்டா ஓடினாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு குழந்தை கிடந்தது. ரூபஸின் மனைவி லூர்து மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பிளெஸ்ஸியும் பாவம், எங்கனயோ ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. அதுக்கு என்ன தெரியும்? நீங்க மனசு ஒடஞ்சு போயிராதீக மதினி."

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஆறுதலைத்தான் லிண்டாவால் தாங்க முடியவில்லை.

"அது தானா ஒட்டல மேரி. நாந்தேன் கூட்டிப்போயி ஒட்ட வச்சேன்."

மேரிக்கு முதலில் விளங்கவில்லை. லிண்டா எல்லாவற்றையும் சொன்னாள். மேரி மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

"எம்பிள்ளைக்கு ஊசி போடுற வயசுகூட ஆகலையே மதினி."

குழந்தையின் பக்கம் திரும்பிப் போர்வையைச் சரிசெய்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது லிண்டாவுக்கு.

குழந்தை பிழைத்துவிட்டது. இடது காது மட்டும் கேட்கவில்லை என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள்.

லிண்டா இப்போதும் ஞாயிறு பூசை முடிந்து தம்பி வீட்டுக்குப் போகிறாள். மேரி காபி கொடுக்கிறாள், பேச்சுக் கொடுப்பதில்லை. ஒருநாள் தரையில் தவழ்ந்த குழந்தையை இடப்பக்கத்திலிருந்து லிண்டா மெல்லக் கூப்பிட்டாள். அது திரும்பவில்லை. மேரி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.