வால் பக்கம் ஒட்டிய பச்சை

...இன்னும் நடுவில்தான் நிற்கின்றன, திரையில் அந்தச் செல்லின் குரோமோசோம்கள் ஒரே கோடாக, பிரியலாமா வேண்டாமா என்பதுபோல, பிரிந்துவிட்டால் அக்காவின் பாடு முடிந்தது, எனக்கு என்ன, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, காலையிலிருந்தே தோன்றவில்லை, கை சில்லிட்டிருக்கிறது, அது ஏசியால். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, ஆய்வகத்தில் பக்கத்து மேசை. அவள்தான் ஒரு புரதத்தின் மரபணுவை எடுத்து, அதன் வால் பக்கம் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒட்டி, செல்லுக்குள் விட்டாள், செல்கள் பிரியாமல் நடுக்கோட்டிலேயே நின்றன, இந்தப் புரதம் கூடினால் செல் பிரியாது என்று எழுதினாள், எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்தான். பிறகு எனக்கு ஏன் அந்தப் புத்தி, பச்சையைத் தலைப்பக்கம் ஒட்டினால் என்ன ஆகும் என்று... யாரும் சொல்லவில்லை, சும்மா. அப்படி ஒட்டிய செல்தான் இது. நின்றுவிட்டால் அக்கா சொன்னது சரி. பிரிந்தால், நிறுத்தியது புரதம் இல்லை, வாலில் தொங்கிய பச்சை, வெறும் சுமை. காலையில் இரண்டு செல்கள் பிரிந்தன, தற்செயல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாளைக்கு அக்காவுக்கு நேர்முகத் தேர்வு, நின்றுபோன செல்களின் படத்தை வைத்துத்தான், வேலை கிடைத்தால் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விடலாம், மகள் அப்பாவோடு இருக்கிறாள், போனில் பேச வரமாட்டேன் என்கிறாளாம், நீங்க யாருன்னு கேக்குறா பாரு, கொழுப்பு என்று அக்கா சிரித்தாள், சிரித்து முடித்த பின்னும் பற்கள் தெரிந்தபடியே இருந்தன. நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினேன்.

வெளிச்சம் படாமல் பச்சை தெரியாது, வெளிச்சம் கூடினால் செல் தாங்காது, அப்படியே நின்றுவிடும், அதனால் கஞ்சத்தனமாகத்தான் கொடுப்பது, ஒரு மினுக்கு, ஒரு படம், மறுபடி இருட்டு. நுண்ணோக்கியின் வெளிச்சக் குமிழை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் போதும்... யாருக்கும் தெரியாது, திருப்புவேனா, மாட்டேன், ஏன் மாட்டேன், நல்லவள் என்பதாலா, சோம்பலாலா. கதவு திறந்தது. அக்கா. உள்ளே வரவில்லை, கதவைப் பிடித்தபடி, தூங்குமூஞ்சி, இன்னும் கிளம்பலையா என்றாள். கிளம்பணும்க்கா என்றேன். நாளைக்குக் கறுப்புச் செருப்பா பழுப்பா என்று கேட்டாள், கறுப்பு என்றேன், கடிக்குமே என்றாள், ஒரு நாள்தானே என்றேன். என்ன பார்க்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. திரும்பியவள் நின்றாள்.

"படம் மங்கலா இருக்குடி. வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டு."

கதவு சாத்திக்கொண்டது. கை குமிழுக்குப் போய்விட்டது, அவள் சொன்னால் கை போகும், பழக்கம், யோசிப்பதற்கு என்ன இருக்கிறது... ஆனால் மங்கலாக இல்லையே, கோடு கூராகத்தான் தெரிகிறது, அதன் ஓரம் ஒன்று விலகுகிறதோ, இல்லை கண் அசதியோ, இந்தப் படமா மங்கல், அவள் நின்ற இடத்திலிருந்து திரையின் முதுகுதான் தெரியும், அப்படியானால் அக்காவுக்கு எப்போதிலிருந்து தெரியும்... கையை எடுக்கவில்லை. திருப்பவும் இல்லை.