கையை எடுத்தால் கவ்வும் முடிச்சு

கௌதமனுக்கு எதையும் இறுக்கிப் பிடித்துத்தான் பழக்கம். டெல்லி ராஜீவ் சௌக்கில் மெட்ரோ கூட்டம் நெருக்கினால் சிந்துவின் மணிக்கட்டைப் பிடிப்பான். துவாரகாவில் இறங்கி, வீட்டு வாசலில் சாவியைத் தேடும்வரை விடமாட்டான். "கைய விடுங்க, நான் என்ன தொலைஞ்சா போயிருவேன்?" என்று மனைவி சிரிப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பிடி தளரவே இல்லை.

இத்தனைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் மெஹ்ரோலி காட்டுப் பாறையில் ஏற வரும் கூட்டத்துக்குக் கையை விடச் சொல்லித்தருகிறவனே அவன்தான். பாரத்தைக் கீழே இறக்கும்போது கயிற்றை மேலே ஒரு கொக்கியில் சுற்றுமுடிச்சாகப் போட்டு, அந்த உரசலில் மெல்ல ஓடவிடுவார்கள். அது கைமீறினால் காப்பாற்ற இன்னொரு முடிச்சு உண்டு. மெல்லிய கயிறு ஒன்றைப் பெரிய கயிற்றின்மேல் சில சுற்று சுற்றிக் கட்டுவது, ப்ரூஸிக் என்பார்கள். கையால் அணைத்துப் பிடித்திருக்கும்வரை அது வழுக்கிக்கொடுக்கும். கையை எடுத்தால் கவ்விக்கொள்ளும். பயந்த மனுஷன் இறுக்கிப் பிடிப்பான் அல்லவா, அங்கேதான் வினை. "பயந்தா கைய எடு" என்று கௌதமன் வாராவாரம் கத்துவான். சந்தியாவந்தனம் தவறினாலும் இது தவறாது என்று நண்பன் பத்ரி கிண்டல் செய்வான்.

அன்று கூட்டம் வரவில்லை; கௌதமனும் சிந்துவும் பத்ரியும் மட்டும்தான். அந்த பத்ரியே பாறை உச்சியில் கால் பிசகி, கணுக்கால் முறிந்து கிடந்தான். ஏர்போர்ட்டில் வேலை; ஆள் நல்ல கனம். பின்பக்க வழியெல்லாம் கீக்கர் முள்ளும் சரிந்த கல்லும். நொண்டிக்கொண்டு இறங்க முடியாது. போன் செய்து ஆட்கள் வரும்வரை காத்திருக்கலாம் என்றான் கௌதமன். பத்ரி துடித்த துடிப்பைப் பார்த்து சிந்துதான் கேட்கவில்லை.

"நானும் அதே கயித்துல கூட இறங்குறேன். அவர் கால் பாறையில இடிக்காமப் பாத்துக்கறேன்."

விழுந்ததில் பத்ரியின் ஹெல்மெட் பிளந்திருந்தது. தன்னுடையதைக் கழற்றி அவனுக்கு மாட்டினாள். கௌதமன் அப்போதாவது வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேர் பாரத்துக்குக் கொக்கியில் இன்னொரு சுற்றாவது போட்டிருக்க வேண்டும். ஒற்றை ஆளை இறக்கிப் பழகிய கை, பழகியபடியே கட்டிவிட்டது. அவனும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜல்தி வேணாம். ஆராமா இறக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் விளிம்புக்கு அந்தப் பக்கம் மறைந்தாள்.

முதலில் சரிவில் கால் ஊன்றி இறங்கினார்கள். சரிவு முடிந்து அந்தரத்தில் தொங்கியதும் மொத்தப் பாரமும் கயிற்றுக்கு வந்தது. கயிறு சரசரவென்று ஓட ஆரம்பித்தது.

"ஏங்க, கைய எடுங்க."

கேட்டது. தெளிவாகக் கேட்டது. அவன் ப்ரூஸிக் முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"கைய எடுங்க."

விழுகிறவளை எப்படி விடுவது? ப்ரூஸிக் அவன் பிடிக்குள்ளேயே வழுக்கியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கீழே ஏதோ பாறையில் மோதிய சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான், எரிச்சல் பொறுக்காமல் கை தானாகத் திறந்தது. முடிச்சு உடனே கவ்வியது. கயிறு அசையாமல் விறைத்து நின்றது.

"சிந்து" என்றான். எங்கோ ஒரு மயில் அகவியது.

"பத்ரி, அவளைப் பேசச் சொல்லு."

"இறக்குடா." பத்ரியின் குரல் அழுதது. "பாறை முனைல தலை அடிச்சுடுத்து. மூச்சு வரலைடா. இறக்கு."

இனி இறக்க வேண்டுமானால் அந்த முடிச்சைத்தான் பிடிக்க வேண்டும். கௌதமன் ரத்தம் கசிந்த கையால் அதை அணைத்துத் தள்ளினான். அதற்கு முன் கொக்கியில் கயிற்றை இன்னொரு சுற்றும் சுற்றிக்கொண்டான். இப்போது நினைவு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு வெட்டு இல்லை. அந்தப் பாறையில் அவ்வளவு பதமாக யாரையும் யாரும் இறக்கியிருக்க மாட்டார்கள். அவள் சொன்னாள், நான் கேட்டேன், விடவில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறக்கினான். கயிறு தீராமல் இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கீழே போய்ச் சேர அவனுக்கு எதுவும் மிச்சமில்லை.

கயிறு கனம் இழந்து தொய்ந்தது.

"வந்துட்டோம்" என்றான் பத்ரி. வெகுநேரம் கழித்து மறுபடி, "கௌதம், போதும்டா. கைய எடு" என்றான்.

கௌதமன் பிடித்துக்கொண்டே இருந்தான்.