மெஷினை நிறுத்தத் தெரிந்த பிள்ளைகள்

அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் 'குண்டூசி டீச்சர்' என்றால் காவலாளி வரைக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக மெஷின் பராமரிப்புப் பாடம் நடத்துகிறவர். அவர் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று பிள்ளைகள் வைத்த பெயர் அது. டீச்சருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்கு வந்தது வினை. ஊர் எல்லையில் ஷாம்பு பாட்டில் நிரப்பும் தொழிற்சாலைக்குப் போன வருடம் பதினோரு பேரை அனுப்பினார். மூன்று மாதம் பழகிப் பார்த்து வேலையை நிரந்தரமாக்குவது அங்கே வழக்கம். ஒன்பது பேர் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். கூடவே ஒரு வரிக் கடிதம்: 'போதிய திறன் இல்லை.'

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார். "அடுத்த செட்டும் இப்படியே திரும்பி வந்தா இந்தப் பாடத்தை மூடிடுவாங்க டீச்சர். நம்ம மெஷினெல்லாம் பழசு. புதுசு கேட்டு எழுதியிருக்கேன். எப்ப வருமோ."

டீச்சர் நேராகத் தொழிற்சாலை மேனேஜரிடம் போய் உட்கார்ந்தார்.

"எந்தத் திறன் இல்லைன்னு சொன்னா நாங்க சொல்லிக் கொடுப்போம் சார்."

மேனேஜர் பேனாவை இரண்டு முறை திறந்து மூடினார். "பொதுவாத்தான் சொல்றேன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுவுமே பத்தல."

பொதுவாகச் சொன்னால் எதைக் கற்றுக்கொடுப்பது? டீச்சர் யோசித்துப் பார்த்துவிட்டு, "லீவு விட்டாச்சு. ரெண்டு வாரம் உங்க லைன்ல நானே நிக்கறேன்" என்றார். மேனேஜர் வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

வீட்டில் கணவர் சிரித்தார். "ஊருக்கெல்லாம் பரீட்சை வச்ச. இப்ப நீ எழுதப் போறியா? பாத்து, பெயிலாகிடாத."

பாட்டில் நிரப்பும் லைனுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண். எல்லோரும் 'லைன் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, சாப்பாட்டு அறையிலும் அதே உச்சக் குரல். டீச்சருக்கு அளவு பெரிதான இரவல் பூட்ஸைக் கொடுத்து, மூடி திருகும் இடத்தில் நிறுத்தினார்.

நான்காம் நாள் காலை. பாட்டில்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மூடிகள் ஒரு நூல் அளவு சாய்ந்து உட்காருவதுபோல டீச்சர் கண்ணுக்குப் பட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். சாய்வு போலத்தான் இருந்தது. கை எட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான். 'நாம வந்தே நாலு நாள். இவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது? தப்பா நிறுத்திட்டா மானம் போயிடும்.' இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றார். பாட்டில்கள் போய்க்கொண்டே இருந்தன.

லைன் அக்கா அந்தப் பக்கம் வந்தவர், ஒரு பார்வை பார்த்து, பொத்தானை அழுத்தினார். லைன் நின்றது.

"மூடி கோணலா இருக்கே, எப்பலேர்ந்து?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"பார்த்துமா நிறுத்தல?"

"உறுதியாத் தெரியல. கேட்டா தப்பா நினைப்பீங்களோன்னு..."

கோபப்படுவார் என்று பார்த்தால், லைன் அக்கா சுவரில் சாய்ந்து சிரித்தார். "உங்க பிள்ளைங்களும் இதையேதான் சொன்னாங்க டீச்சர். ஒரு எழுத்து மாறல."

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது.

"கோச்சுக்காதீங்க. பேரிங் மாத்தறதுல, பெல்ட் போடறதுல அவங்களை ஒரு குறை சொல்ல முடியாது. கை தங்கம். வாய்க்குத்தான் பூட்டு. தெரியாததைத் தெரியலன்னு சொல்ல மாட்டாங்க. ஷிப்ட் மாறும்போது என்ன ஆச்சுன்னு கேட்டா, எல்லாம் சரின்னுட்டுப் போயிடுவாங்க. அடுத்து வர்றவன் மாட்டிக்குவான்."

"இதை ஏன் கடிதத்துல எழுதல?"

"கடிதம் எழுதினது ஆபீஸ். என்னை யார் கேட்டா?"

அன்று மாலை டீச்சர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடைக்குப் போனார். திரும்பி வந்த ஒன்பது பேரில் ஒருத்தி அங்கே திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். முதல் வருடம் ஓயாமல் பேசியதால் வகுப்பில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். இரண்டாம் வருடம் ரேடியோ ஓய்ந்துவிட்டது. ஓய வைத்தவர் டீச்சர்தான்.

"அங்க லைன்ல மோட்டார் சத்தம் மாறினது எனக்கு மொதல்லயே கேட்டுச்சு டீச்சர்," என்றாள் அவள்.

"சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடியையே பார்த்தாள். "நடுவுல பேசினா வெளிய நிக்கணும்னு பழகிடுச்சு."

குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் டீச்சரைச் சுட்டது. பஸ்ஸைத் தவறவிட்டு, வீடுவரை நடந்தே போனார்.

லீவு முடிந்து நிலையம் திறந்ததும் முதல் வேலையாக, தினமும் காலையில் ஒரு மெஷினில் எதையாவது கோளாறாக்கி வைத்தார். கண்ணில் படுகிறவர் நிறுத்த வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். தப்பாக நிறுத்தினாலும் திட்டு கிடையாது. மணி அடித்ததும் நோட்டில் மூன்று வரி: என்ன பார்த்தேன், என்ன செய்தேன், எது தெரியவில்லை.

முதல் பத்து நாள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஒருவன் துணிந்தான். துணிந்தவன் ஒரே நாளில் ஏழு முறை நிறுத்தினான், ஏழும் தப்பு. டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி, என்ன பார்த்த?" என்று ஏழு முறையும் கேட்டார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், அவ்வளவு லேசில் விடுமா?

புதன்கிழமைதோறும் லைன் அக்கா வந்து பிள்ளைகளோடு நின்றார். லைனில் என்னென்ன தெரிய வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, டீச்சர் ஒரு பக்கத்துக்கு எழுதி, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கினார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "இதுதானா விஷயம்?" என்றார். இன்னொரு காரியமும் நடந்தது. புதிய செட் பன்னிரண்டு பேரில் ரேடியோவுக்கும் மறுபடி ஓர் இடம் கேட்டு வாங்கினார் டீச்சர்.

அவர்கள் தொழிற்சாலைக்குப் போய் ஐந்தாம் வாரம் மேனேஜர் போன் செய்தார். எண்ணைப் பார்த்ததுமே டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தார்.

"உங்க ரேடியோ இன்னைக்கு லைனை இருபது நிமிஷம் நிறுத்திட்டா டீச்சர்."

"மன்னிச்சுக்கங்க சார், நான் பேசறேன்."

"எதுக்கு? கியர்பாக்ஸ்ல எண்ணெய் ஒழுகியிருக்கு. அப்படியே ஓடியிருந்தா கியர் பல்லெல்லாம் தூள்தூளாயிருக்கும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

டீச்சர் போனை வைத்துவிட்டு, வகுப்பில் போய் அதை அப்படியே சொன்னார். ஆனாலும் மூன்று மாதம் முடியும்வரை அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. டீச்சர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பேசியவர் லைன் அக்கா. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருவன் மட்டும் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்துத் தானாகப் போய்விட்டான். மற்ற எல்லோரும் நிரந்தரம். அடுத்த வருடத்துக்குப் பதினைந்து பேர் வேண்டுமாம்.

துணி கீழே ஈரத்தோடு கிடக்க, டீச்சர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கணவர் பதறிக்கொண்டு வந்தார்.

"என்ன ஆச்சு?"

"பதினொண்ணு."

"மணி இன்னும் பத்துகூட ஆகலையே."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். விஷயம் என்னவென்று தெரியாமலே கணவரும் சிரித்தார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் எப்போது இறங்கியதென்றே தெரியவில்லை. மீதித் துணியைக் கணவர் காயப்போட்டார். டீச்சர் கீழே போய்ப் படுத்து, மத்தியானம்வரை அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்.