மாஸ்டர் வாயில் மெனு கார்டு

மாஸ்டருக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேச மொத்தமே நாலு தீர்ப்புதான். உப்பு குறைவு, உப்பு அதிகம், இன்னும் வேகணும், நல்லா இருக்கு. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த நாலாவதை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் அவர் மனைவி தையல்காரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர். வீட்டிலோ அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வைத்த சோற்றுக்கும் நீதிபதி.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு மதியம், வேலைக்குக் கிளம்பும் முன், அவள் வைத்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "அடுக்கடுக்கான சுவை" என்றார்.

"என்ன அடுக்கு?"

"அதாவது, ஆத்மார்த்தமான அனுபவம்."

காரட் சூப்பில் ஏது ஆத்மா? இந்த வார்த்தைகள் எங்கிருந்து வருகின்றன என்று அவளுக்குத் தெரியும். ஹோட்டலில் மெனு கார்டைப் புதுசாக எழுத ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். அவள் வந்ததிலிருந்து பொரித்த உருளைக்கிழங்கு 'கைவினைஞர் கிழங்கு' ஆகிவிட்டது. தக்காளி சூப் 'பண்ணையிலிருந்து உங்கள் இதயத்துக்கு'. ரொட்டியும் வெண்ணெயும் 'ஒரு ரொட்டியின் பயணம்'. எங்கே பயணம், அடுப்பிலிருந்து மேஜைக்கா? போன மாசம்வரை மாஸ்டரே இதையெல்லாம் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். இப்போது அவரே பேசுகிறார்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"புது வார்த்தை ஒட்டிக்கிச்சுன்னா, யார் பக்கத்துல உக்காந்து ஒட்டிக்கிச்சுன்னு பாருடி," என்றாள் அக்கா. பற்றவைக்க அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்.

போனை வைத்ததும் தையல்காரி மாஸ்டரின் துணிக்கூடையைக் கிளறினாள். அவர் சட்டையை மோந்து பார்த்தாள், வெங்காயமும் புகையும்தான். அவர் போனை நோண்டினாள், மீன்காரர், கேஸ்காரர், விட்டால் இவள் நம்பர்தான்.

மறுநாள் வேண்டுமென்றே சூப்பில் உப்பே போடவில்லை. பழைய மாஸ்டராக இருந்தால் கிண்ணம் அடுப்படிக்கே திரும்பி வந்திருக்கும். இவர் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "எளிமை, நேர்த்தி" என்றார்.

இனிமேல் என்ன சந்தேகம்? உப்பில்லாத சூப்பைப் புகழ்கிற புருஷன் பெரிதாக ஏதோ தப்பு பண்ணியிருக்கிறான். அன்று சாயங்காலம் ஒரு சட்டைக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தாள்.

அடுத்த நாள் ஆத்திரத்தில் உப்பைக் கைநிறைய அள்ளிக் கொட்டினாள். எவ்வளவு தூரம்தான் நடிக்கிறார், பார்த்துவிடலாம். ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு அவளே காறித் துப்பினாள். மாஸ்டர் நிதானமாக விழுங்கினார்.

"துணிச்சலான சுவை," என்றார். இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.

தப்பு பண்ணினவன் நடிப்பான், காதில் பூ சுற்றுவான். ஆனால் இதை முகம் சுளிக்காமல் விழுங்க எந்தத் திருடனாலும் முடியாது. அப்போதுதான் கவனித்தாள்: அவர் சூப்பைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதாவது விடை தெரிகிறதா என்று.

கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். "இதுல உப்பு குறைவா, அதிகமாங்க?"

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தெரியலம்மா. போன மாசம் வந்துச்சே, அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நாக்குல ஒண்ணுமே தெரியல. வாசனையும் இல்ல. ஹோட்டல்ல பசங்க ருசி பாக்கச் சொல்லி கரண்டியை நீட்டுறாங்க. நான் கார்டுல இருக்கறதை ஒப்பிக்கிறேன், எல்லாரும் தலையாட்டுறாங்க. நேத்து ஒரு டேபிள்ல இருந்து சூப் திரும்பி வந்துடுச்சு. இன்னொரு தடவை வந்தா என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க."

அவளுக்கு அக்கா மேல் கோபம் வந்தது. தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது. அந்த உப்பை அவர் வயிற்றுக்குள் தள்ளியது அவள்தானே. டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்தாள். நாளைக்கே டாக்டரிடம் போகிறோம் என்றாள். அப்புறம் புதுசாக ஒரு சூப் வைத்து, இந்தத் தடவை முதல் கரண்டியை அவளே வாயில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் மாஸ்டர்.

"நல்லா இருக்கு."

"அது போதாதும்மா. கொஞ்சம் விவரமா சொல்லேன்."

மறுபடி ஒரு வாய் குடித்தாள். முதலில் காரட்டின் இனிப்பு வந்தது. அது போகும்போது பூண்டு. எல்லாம் அடங்கிய பிறகு, தொண்டைக்குப் பக்கத்தில் மிளகு. வேறு வார்த்தை தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

"அடுக்கடுக்கா இருக்குங்க," என்றாள்.

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதல் அடுக்குல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.