வலது காதுக்கு இரண்டு மீன்கள்

பவளக்காரரும் அவர் மனைவியும் சில நாட்களாகப் பூனை மூலம் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த வேலையும் செய்யாமல் எல்லா மேசையிலும் ஏறி உட்காரும் என்பதால் பூனைக்கு மேனேஜர் என்று பெயர்.

“மேனேஜர், உப்புத்தாள் எங்க இருக்குன்னு எதிர்ல கேட்டுச் சொல்லு.”

“மேனேஜர், முழங்கைக்குக் கீழ பாக்கச் சொல்லு.”

உப்புத்தாள் அவர் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. மேனேஜர் கொட்டாவி விட்டது.

இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பவளம் செதுக்குகிறவர்கள். சண்டைக்குக் காரணம், மனைவி செதுக்கிய ஒரு மீன். வாயைப் பிளந்தபடி இருந்த அந்த மீனைப் பவளக்காரர் கையில் வாங்கி, ரசித்துப் பார்த்து, “அப்படியே உன் தம்பி மாதிரி இருக்கு” என்றார். அது பாராட்டுதான் என்று நம்புகிறவர் உலகத்தில் இன்றைக்கும் அவர் ஒருவர்தான்.

மனைவி தம்பிப் பேச்சை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். “கஷ்டமான பக்கம் எப்பவும் என் தலையில. சுலபமானதைச் செஞ்சுட்டு, அடுத்தவ மீனுக்கு மூஞ்சி வேற பாக்கறீங்களோ?”

அதோடு நேரடி ஒலிபரப்பு நின்றது.

அவள் சொன்னதில் தப்பில்லை. காதணி என்றால் ஜோடி. வலது காது மீன் வலப்பக்கமும் இடது காது மீன் இடப்பக்கமும் பார்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் போட்டிருப்பவர் முகத்தை நோக்கி நீந்தும். வலக்கைக்காரர்களுக்கு வலது மீன்தான் வம்பு. செதில் ஒவ்வொன்றையும் மணிக்கட்டு வளையாத திசையில் இழுக்க வேண்டும். கல்யாணமானதிலிருந்து வலது மீன் அவளுடையது. ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரம்மா வந்தார். பல் குடைந்து தேய்ந்த துளைமுனைகளைக் குப்பையில் போடாமல் இவர்களுக்குக் கொடுப்பவர். பல்லுக்கு உதவாதது பவளத்துக்கு உதவும். பவளம் வலிக்கிறது என்று வாயை மூடிக்கொள்ளாது. அன்று அவர் கைக்குட்டையைப் பிரித்து ஒரு பவளக் கிளையை மேசையில் வைத்தார். அசல் கிளை. உருப்பெருக்கியில் பார்த்தால் மரத்தின் ரேகை போல மெல்லிய கோடுகள் நீளவாக்கில் ஓடின.

“எங்கம்மா கழுத்துல கிடந்தது. அவங்க போனப்புறம் பெட்டிக்குள்ள தூங்குது. ரெண்டு மீனாப் பண்ணிக் குடுங்க. உயிரோட இருந்தவரைக்கும் என் ரெண்டு காதுலயும்தான் குடியிருந்தாங்க. இனிமேலும் அங்கயே இருக்கட்டும்.”

கிளையில் இரண்டு மீனுக்கு மேல் ஒரு செதிலுக்குக்கூட இடமில்லை. தவறினால் கடைக்குப் போய் இன்னொரு அம்மாவை வாங்கிவர முடியாது. இருவரும் அதைத் தனித்தனியாகப் புரிந்துகொண்டு, தனித்தனியாகத் தலையாட்டினார்கள்.

கிளையை இரண்டாக அறுத்து, ஆளுக்கொரு அரக்குக் குச்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் நீர் தெறிக்காமலிருக்க ஒரு தகடு. மேலே தொங்கிய டப்பாவிலிருந்து பவளம் சூடேறாதபடி தண்ணீர் சொட்டியது. சொட்டச் சொட்ட, முனை சுழலச் சுழல, ரோஜா நிறத்தில் ஒரு பால் மேசையோரம் வழிந்தது. ஜன்னல் வெயில் அதில் விழுந்து சுவரெல்லாம் நெளிந்தது. பவளக்காரருக்கு அறையின் மூலைகள் கரைந்துபோயின. நாற்காலிக்குக் கீழே தரை இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துக்கொண்டார். இருந்தது, ஆனால் மணலாக இருந்தது. அலமாரி மெதுவாக அசைந்தது. மேனேஜரின் வால் பாசியைப் போல ஆடியது. தகட்டுக்கு அந்தப் பக்கம் மனைவியின் தலை, மேலே நீரும் கீழே நீருமாக, எங்கோ தொலைவில் மிதந்தது.

இந்தப் பவளத்தைக் கட்டியவை கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள். ஒன்றின் வீட்டின் மேல் இன்னொன்று வீடு கட்டி, யாருடைய மூஞ்சி யார் மாதிரி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்தவை. அந்த நினைப்பு அவரை இளக்கிவிட்டது. இந்தத் தடவை கஷ்டமான பக்கத்தை நாமே செய்வோம் என்று முடிவெடுத்து, மீனின் தலையை வலப்பக்கம் திருப்பினார். பூனையிடம் சொல்லியனுப்பியிருக்கலாம். ஆனால் தியாகத்தைப் பூனை மூலம் அறிவிப்பது அவ்வளவு நன்றாக இல்லை. ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது அவளே கண்டுபிடித்து உருகட்டும் என்று விட்டுவிட்டார்.

வைத்தார்கள். இரண்டு மீன்களும் வலப்பக்கம் பார்த்தன.



“மேனேஜர்,” என்று ஆரம்பித்த மனைவி பூனையை விட்டுவிட்டு அவரிடமே கேட்டாள். “உங்களை யாரு வலது செய்யச் சொன்னது?”

“நீதானே கஷ்டம்னு சொன்னே. விட்டுக்குடுத்தேன்.”

“விட்டுக்குடுக்கறவங்க வாயைத் திறந்து விட்டுக்குடுக்கணும். இதைப் போட்டா ஒரு மீன் அவங்க மூஞ்சியைப் பாக்கும், இன்னொண்ணு பிடரிக்கு ஓடும். அவங்கம்மாவை இப்படியா பிச்சு வெக்கறது?”

அவள் இரண்டையும் குச்சியிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாள். மீனுக்கு முன்பக்கம்தான் வேலை. பின்பக்கம் தட்டையாக விடுவது வழக்கம். அவளுடைய மீன் இலை போல மெலிந்திருந்தது. பின்பக்கம் தேய்க்காத அவருடையது தலையணை போல இருந்தது.

“நல்லவேளை, நீங்க சோம்பேறி” என்றாள். “இதோட முதுகுல இன்னொரு மீன் செதுக்கலாம். திருப்பிப் போட்டா இடது காதுக்கு ஆச்சு.”

ஆனால் செதுக்கிய பக்கத்தை மறுபடி அரக்கில் ஒட்டினால், எடுக்கும்போது செதிலும் துடுப்பும் அரக்கோடு போய்விடும். கையில் பிடித்துத்தான் செய்ய வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் செதுக்க.

அவர் மீனைத் துணியில் பொதிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளோடு தோள் உட்கார்ந்தாள்.

“மூச்சு விடாதீங்க.”

“எவ்வளவு நேரம்?”

“நான் விடும்போது விடுங்க.”

அவள் மூச்சை அவர் எண்ணாமல் கேட்டார். அவள் விட்டபோது விட்டார், இழுத்தபோது இழுத்தார். விரலிடுக்கில் மீன் துடித்தது. முனை அதிர்வதால்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பிடித்துவைத்த மீனின் துடிப்பு அப்படியே இருந்தது. சுவரில் வெளிச்சம் நெளிய, தொலைவில் மிதந்த தலை இப்போது அவர் தோளருகே வந்து சேர்ந்திருந்தது. தலையில் பவளத்தூள் படிந்து, நரை எல்லாம் இளஞ்சிவப்பாகியிருந்தது. சொன்னால் வம்பு என்று சும்மா இருந்தார்.

“திருப்புங்க. போதும். லேசா.”

வால் வந்தது. துடுப்பு வந்தது. செதில்களின் கடைசி வரிசையில் முனை வழுக்கியது. அவர் விரலை எடுக்கவில்லை. துணி மெல்ல, பவளப் பாலைவிட அடர்த்தியாகச் சிவந்தது.

மனைவி முனையை நிறுத்தினாள்.  அசல் பவளம் தண்ணீரில் நிறம் விடாது. சாயம் ஏற்றிய போலிதான் விடும்.

“சாயம் போகுதுங்க! ஐயோ, அவங்கம்மாது போலியா? எப்படிச் சொல்றது இதை?”

“சாயம் இல்ல” என்றார் பவளக்காரர். “அது நான்தான்.”

அவள் துணியைப் பிரித்தாள். மீன் பத்திரமாக இருந்தது. கட்டைவிரல் கிழிந்திருந்தது.

“எடுத்திருக்கக் கூடாதா?”

“நீ இன்னும் மூச்சு விடலையே.”

அவள் தன் முந்தானை நுனியைக் கிழித்து விரலைக் கட்டினாள். பிறகு மீனின் கண்ணைச் செதுக்கினாள்.

டாக்டரம்மா வந்து இரண்டையும் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். இரண்டு மீன்களும் அவர் முகத்தை நோக்கி நீந்தின.  பிறகு இடது மீனைத் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு மட்டும் உள்பக்கமும் ஒரு மீன் இருக்கே?”

“அது காதோட பேசறதுக்கு” என்றாள் மனைவி.

டாக்டரம்மா இடது காதைப் பொத்திக்கொண்டு, கண்கலங்கச் சிரித்தார். “எங்கம்மா இந்தக் காதுலதான் ஜாஸ்தி பேசுவாங்க.” படியிறங்கும்போது பவளக்காரரின் கட்டைவிரலைப் பார்த்து, “கடிச்சது யாரு?” என்று தொழில்முறையில் விசாரித்தார்.

“மீன், டாக்டர்.”

அவர் போனதும் மனைவி தண்ணீர் டப்பாவை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: “நீங்க செஞ்ச அந்த உள்பக்க மீன் யார் மாதிரி இருந்துச்சு, பாத்தீங்களா?”

பவளக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தூங்கிவிட்டிருந்தது.

“உன் தம்பி மாதிரிதான்” என்றார். “நல்ல மூஞ்சிம்மா அது.”

டப்பாவில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்ததால் நிறுத்த மறந்துவிட்டாள்.