கோவிந்தசாமி பட்டினி கிடந்த பக்கம்

1

மாமனிதர்கள் அனைவரும் பசியின் மடியில்தான் வளர்கிறார்கள்.

குறைந்தபட்சம், என் தோழி தாரணி எழுதும் சிறுவர் வாழ்க்கை வரலாறுகளில். மூன்றாம் பக்கத்தில் பட்டினி, எட்டில் தெருவிளக்கு, கடைசியில் விருது. சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் இந்தக் கதையை என்னிடம் சொன்னது அவள்தான். எழுதிவிடாதே என்றும் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கம்: 'தோ பாயோ அடுக்குமாடிகளின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை…'

வேண்டாம். போனிலிருந்தே தொடங்கலாம்.

"தாரணியா? நான் கோவிந்தசாமியோட அக்கா, பூவம்மா. தம்பி உன் புக்கைக் காட்டினான். ராத்திரி தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தான்னு போட்டிருக்கே. எங்கம்மா போனதிலேர்ந்து அவனுக்கு ஆக்கிப் போட்டது நான். நானா அவனப் பட்டினி போட்டேன்?"

(கோவிந்தசாமி: தாரணியின் புதிய புத்தகத்தின் நாயகர். சாங்கி விமான நிலையத்தில் சரக்குத் தூக்கியவர், இன்று சரக்கு நிறுவன முதலாளி. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கக் கொடுத்த படியை வாசித்துக் கண் கலங்கியவர்.)

"அவரே படிச்சிட்டு அழுதாரே, ஆன்ட்டி."

"அவன் விளம்பரம் பாத்தாலும் அழுவான். நாளைக்கு இந்த புளோக்குப் பிள்ளைங்க எல்லாம் இதப் படிக்கும்லா. மதியம் வீட்டுக்கு வா."

3

தாரணி பதிப்பாளர் அருண்ராஜை அழைத்தாள்.

"ஒரு வரிதானே, எடுத்துடலாமா?"

"பசி இல்லேன்னா ஸ்கூல் வாங்காது லா. அப்புறம் அது ஒரு ஆளு வேலைக்குப் போன கதை. ரெண்டு மணிக்குள்ள சொல்லு, பிரிண்டிங் போவுது. எடுத்தா, அடுத்த புக்குக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

பூவம்மா வீட்டுக்குப் போகும் மின்தூக்கியில் தாரணி மன்னிப்பை ஒத்திகை பார்த்தாள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் ஒத்திகை பார்த்தது சாக்கு.

4

பூவம்மா கதவைத் திறந்தார். மேசையில் கோழிக் குழம்பு, மிளகாய் அரைத்த சம்பால், பொரித்த அப்பளம்.

"ஆன்ட்டி, அந்த வரி…"

"மொதல்ல சாப்பிடு. இதே குழம்புதான் அவனுக்கும். சாப்பிட்டுட்டு நீயே சொல்லு."

தாரணி சாப்பிட்டாள். இரண்டு மணி நெருங்கியது. கைப்பேசி அதிர்ந்தது. அருண்ராஜ். பூவம்மா கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தார்.

முடிவு அ: தாரணி வரியை நீக்கச் சொல்கிறாள், அடுத்த புத்தகத்தை இழக்கிறாள். (உன்னதமான முடிவு. தாரணியைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: வரி இருக்கிறது. வெளியீட்டு விழாவில் பூவம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, மேடையில் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது, தம்பியைப் பார்த்து…

இதை முடிக்க எனக்குத் துணிவில்லை.

என்ன சொன்னாய் என்று தாரணியைக் கேட்டேன். காபியை ஆற்ற ஆரம்பித்துவிட்டாள். புத்தகம் அடுத்த வாரம் கடைக்கு வருகிறது. மூன்றாம் பக்கத்தை நீங்களே புரட்டிப் பாருங்கள், நான் பார்க்கப்போவதில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று பூவம்மா வீட்டில் தாரணி இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது மீதிக் குழம்பை டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.